டம்ளர் தந்த தெம்பு

தலையணைக்குக் காபி டம்ளரைக் கண்டாலே வயிறு எரியும். எரியாதா பின்னே? விடிய விடிய மகுடபதியின் கனத்த தலையைத் தாங்குவது தலையணை. அவரோ காலையில் எழுந்ததும், "அடிச்சுப் போட்ட மாதிரி இருக்கு. எல்லாம் இந்தத் தலையணையால வந்தது" என்று அதைச் சுவரோரம் எறிவார். பிறகு ஆவி பறக்கும் டம்ளரை இரண்டு கையாலும் ஏந்தி ஒரு மிடறு விழுங்கி, "அப்பாடா, இப்பத்தான் உயிரே வந்துச்சு" என்பார்.

ஒருநாள் தலையணை பொறுக்கமாட்டாமல் கேட்டேவிட்டது. "ராத்திரி பூரா நான் சுமந்தும் வராத தெம்பு, உன் ஒரு வாய்க் காபியில எப்படி வருது?"

டம்ளர் விளிம்பில் ஒட்டிய நுரையோடு சிரித்தது. "எல்லாம் அவரோடதுதான். படுக்கப்போற நேரத்துல ஒரு டம்ளர் குடிக்கிறாரில்ல, அப்போ அவர் தூக்கத்தை எடுத்துக்கிறேன். காலையில அதுல கொஞ்சூண்டு திருப்பிக் கொடுக்கிறேன்."

அன்று இரவு முழுக்கத் தலையணை அவர் காதில் இதையே சொல்லிக்கொண்டிருந்தது.

காலையில் மகுடபதி சிவந்த கண்களோடு எழுந்தார். "காதுக்குள்ள ஒரே நொணநொணப்பு. முதல்ல இந்தச் சனியனைத் தூக்கிப் போடணும்" என்று தலையணையை எட்டி உதைத்தார்.

பிறகு சமையலறைப் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார். "இன்னிக்கு ரெண்டு டம்ளரா கொண்டு வாம்மா!"