முப்பத்தொரு ஊருக்கும் ஒரு வீடியோ

“முப்பத்தொரு ஊர். சாயந்தரம் ஆறு மணிக்குள்ள ஒரு வீடு விடாம நம்ம வீடியோ போய்ச் சேர்ந்திருக்கணும். முடியுமா, முடியாதா?”

சாவித்திரி கேட்ட வேகத்தில் வானதிக்கு வியர்த்துவிட்டது. நீடாமங்கலத்தில் இருபது வருடமாக விதைநெல் கடை நடத்துகிறவர் சாவித்திரி. கடை விளம்பரங்களைக் கவனித்துக்கொள்ள, போன மாதம்தான் தஞ்சாவூரிலிருந்து வானதியை வேலைக்கு அமர்த்தியிருந்தார்.

“மேடம், மூணு மாசத்துக்குத் திட்டம் போட்டு வச்சிருக்கேன். முதல்ல இன்ஸ்டாகிராம், அப்புறம் யூடியூப்…”

“மூணு மாசமா? இப்பவே மணி பன்னெண்டும்மா. ஆத்துல தண்ணி வந்தாச்சு. இன்னிக்குச் சாயந்தரம் எல்லாரும் விதைய ஊறப் போட்டுடுவாங்க. அதுக்கப்புறம் நாம என்ன பேசி என்ன?”

சாவித்திரியின் மகன் இளஞ்செழியன் கதவோரம் நின்றிருந்தான். காலையிலிருந்து அவன் ஒரு வாய் சாப்பிடவில்லை.

“இன்னும் ஒரு தடவ யோசிங்கம்மா. வெளியில போயிட்டா திருப்பிக் கூப்பிட முடியாது. எதிர்க்கடைக்காரன் பாத்தா என்ன ஆவும்?”

“பாக்கட்டும்.”

“நாளைக்குக் காலையில வாசல்ல கூட்டம் தாங்காது. நம்மகிட்ட இருக்குற சரக்கு பத்தவே பத்தாது.”

“மன்னார்குடிக்குப் போன் போடு. அங்க இருக்குறத எல்லாம் லாரியில ஏத்தச் சொல்லு. வர்றவங்க யாரும் வெறுங்கையோட போகக் கூடாது.”

அவன் முணுமுணுத்துக்கொண்டே போனை எடுத்தான்.

வானதி பழைய திட்டத்தை மூடிவைத்துவிட்டு, நோட்டில் புதுப் பக்கத்தைத் திருப்பினாள். சாவித்திரி ஊர் ஊராகப் பெயர்களைச் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டாள்.

“எல்லாருக்கும் ஒரே வழி சரிப்படாது மேடம். வாட்ஸாப் வச்சிருக்கவங்களுக்கு வீடியோ. பட்டன் போன்காரங்களுக்கு உங்க குரல மட்டும் போன்ல போட்டுவிடலாம். போனே எடுக்காதவங்களுக்கு ஆட்டோவுல மைக் கட்டி அனுப்பலாம். பால் சொசைட்டி குரூப், கோயில் கமிட்டி குரூப் எல்லாத்துலயும் ஊருக்கு ஒரு ஆள விட்டுப் போடச் சொல்றேன்.”

“எப்ப போடுவ?”

“ஒரு மணிக்கு, சாப்பிட வீட்டுக்கு வர்ற நேரம். நாலு மணிக்கு டீக்கடைக்கு வருவாங்க, அப்ப மறுபடியும். கொஞ்சம் செலவு பண்ணா புது ஆளுங்ககிட்டயும் கொண்டுபோகலாம்.”

“புது ஆளே வேணாம். எத்தன பேர் பாத்தாங்கன்னும் எனக்குச் சொல்லாத. யார் யார் பாக்கலன்னு மட்டும் சொல்லு.”

சாவித்திரி உள்ளே போய், செல்போன் முன்னால் நின்று பேசிவிட்டு வந்தார். பதினெட்டு நொடி வீடியோ. வானதி அதைப் பார்த்தாள். நம்ப முடியாமல் இன்னொரு முறை பார்த்தாள்.

“நிஜமாவே அனுப்பிடவா மேடம்?”

“அனுப்பு.”

ஒரு மணி ஐந்துக்கு முதல் ஊரிலிருந்து பதில் வந்தது. அதற்குப் பிறகு கடையின் மூன்று போன்களும் ஓயவில்லை. “ஆமாங்க… உண்மைதாங்க… காலையில வாங்க, கட்டாயம் தர்றோம்” என்று சொல்லிச் சொல்லி இளஞ்செழியனுக்குத் தொண்டை கட்டிவிட்டது.

வானதி நோட்டில் ஒவ்வொரு பெயராக அடித்துக்கொண்டே வந்தாள். நாலு மணிக்கு இருபது ஊர் முடிந்திருந்தது. ஐந்து மணிக்கு முப்பது. ஐந்தேகாலுக்கு ஒரே ஒரு பெயர் பாக்கி.

“தங்கையன்னு ஒருத்தர் மேடம். போன் ஸ்விட்ச் ஆஃப். வாய்க்கால் பாலத்த இடிச்சுப் போட்டிருக்காங்களாம், ஆட்டோ அந்தப் பக்கம் போகல. ஒருத்தர்தானே மேடம்…”

“வண்டிய எடு” என்றார் சாவித்திரி.

வானதியின் ஸ்கூட்டர் பாலத்தோடு நின்றுபோனது. சாவித்திரி புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு முழங்கால் தண்ணீரில் இறங்கினார். அக்கரையில் வரப்புச் சேறு ஒரு செருப்பை விழுங்கிக்கொண்டது. இன்னொன்றை உதறிவிட்டு, வெறுங்காலோடு ஓட்டமும் நடையுமாகப் போனார். அறுபது வயதுக்காரரை எட்டிப் பிடிக்க முடியாமல் வானதி பின்னால் மூச்சிரைக்க ஓடினாள்.

ஆறு மணிக்கு இன்னும் ஐந்து நிமிடம் இருந்தது. கொல்லையில் தண்ணீர் நிரப்பிய பெரிய டிரம் பக்கத்தில் தங்கையன் நின்றிருந்தார். கையில் சாவித்திரியின் கடை முத்திரை போட்ட மூட்டை. கட்டை அவிழ்த்தாகிவிட்டது.

“அடடே, வாங்கம்மா! கடைக்காரம்மாவே வீடு தேடி வந்துட்டீங்க? உங்க விதையத்தான் போடப் போறேன்.” முகமெல்லாம் சிரிப்பாக அவர் மூட்டையைத் தூக்கினார்.

சாவித்திரி பாய்ந்து போய் மூட்டையின் வாயை இரண்டு கைகளாலும் இறுக்கிப் பிடித்தார்.

“கொட்டிடாதீங்கண்ணே. நான் வித்த இந்த விதை முளைக்காது.”