டொக்டரின் கை

கொக்கட்டிச்சோலை மாட்டுப்பட்டியில் காலை வெயில் சாணியில் மினுங்குகிறது. ‘எல்லா மாடும் ஒரே நாளில் சினைப்பருவம்’ என்ற பதாகை வாவிக்காற்றில் படபடக்கிறது. ஓமோன் ஊசித் திட்டத்தின் பெருமையை அரை மணிநேரம் பேசி முடித்த டொக்டர் குணரூபன், ஊசியை உயர்த்திக் கமெராவுக்குச் சிரிக்கிறார். வரிசையில் முதலாவதாக நிற்கும் பிரஷாந்தியின் மாடு இரண்டு வருடமாகச் சினைப்படவில்லை. ஆனாலும் அவள் ஊசியை மறித்துக்கொண்டு முன்னால் வந்து நிற்கிறாள். “சேர், மூணு கிழமைக்கு முன்ன பக்கத்துப் பட்டிக் காளை வேலி பாய்ஞ்சி வந்தது. சினை எண்டா இந்த ஊசி வயித்துக் கண்டைக் கலைச்சிரும் எண்டு நீங்கதானே சொன்னீங்க?” டொக்டரின் சிரிப்பு நின்றுவிடுகிறது. தோள்வரை நீளும் கையுறையை மாட்டிக்கொண்டு மாட்டின் பின்பக்கம் கையை நுழைக்கிறார். கண்ணை மூடுகிறார், திறக்கிறார், வானத்தைப் பார்க்கிறார். மாடு அசைபோடுகிறது. “என்ன சேர், உள்ளுக்கு ஆரும் இருக்காங்களா?” என்று கேட்கிறார் அடுத்த மாட்டோடு நிற்கும் வினாயகமூர்த்தி. “இருக்கிற மாதிரியும் இருக்கு, இல்லாத மாதிரியும் இருக்கு,” என்கிறார் டொக்டர். பிரஷாந்தி ஊசியையும் மாட்டையும் மாறி மாறிப் பார்க்கிறாள். “அப்ப உங்களுக்குத் தெரியிற அண்டைக்கு வாறன் சேர்,” என்று கயிற்றை இழுக்கிறாள். மாடு நடக்கிறது. கை இன்னும் உள்ளேயே இருப்பதால் டொக்டரும் கூடவே நடக்கிறார்.