ஷரீப் பாய் கடை மெஷின்

ப்ளக்கைச் செருகியதும் மெஷின் கீச்சென்று கத்தியது. ஷானவாஸுக்குக் கண் கலங்கிவிட்டது.

சின்ன வயதில் உத்தமபாளையத்தில் ஷரீப் பாய் கடையில் அவன் பழியாகக் கிடந்து ஆடிய வீடியோ கேம் மெஷின். இப்போது தீவனக் கடையாகிவிட்ட அங்கே மூட்டைகளுக்குப் பின்னால் கிடந்ததைக் கேட்டு வாங்கி வந்து, செத்துப்போன டியூபைக் கழற்றி எல்இடி திரை மாட்டி, போர்டு, ஸ்டிக், ஒயர் எல்லாம் புதிதாகப் போட்டிருந்தான். மரப்பெட்டி மட்டும் பழசு. அதையும் மாற்றினால் அது வேறு மெஷினாம்.

அவன் மனைவி பாஜிலாவுக்கு அது பீரோ. ஹாலில் நின்றால் வருகிறவர்கள் சிரிப்பார்கள், ஓடைப்பட்டித் தோட்டத்துக் கொட்டகைக்குப் போகட்டும் என்றாள்.

ஷானவாஸ் பந்தயம் கட்டினான். ஆளுக்கு ஒரு ஆட்டம். ஜெயிக்கிறவர் சொல்லும் இடத்தில் மெஷின். அல்வா சாப்பிடுகிற மாதிரி வேலை என்று நினைத்தான் பாவி.

அவன் ஆறாவது ரவுண்டில் செத்தான். அந்தக் காலத்தில் அதைத் தாண்டிய பையன் ஊரிலேயே கிடையாது என்று பெருமையாகச் சொல்லி ஒதுங்கினான்.

பாஜிலா முந்தானையைச் செருகிக்கொண்டு வந்து நின்றாள்.

நாலாவது ரவுண்டில் அவன் சிரிப்பு நின்றது. ஆறாவதில் எதிரியின் பெரிய கப்பல் வந்தபோது, பெட்டியின் அடிப்பலகையில் முழங்காலால் ஒரு இடி இடித்தாள்.

பழைய ஸ்டிக் அந்த இடத்தில் சிக்கும். முழங்காலால் இடித்தால்தான் விடும். புது ஸ்டிக்குக்கு அது தேவையே இல்லை. ஆனால் அந்த இடி, அந்த மெஷினில் வருடக்கணக்கில் ஆடியவர்களுக்கு மட்டும் தெரிந்தது. பொம்பளைப் பிள்ளைகள் அந்தக் கடைப்படி ஏறியதே இல்லை.

ஏழாவது ரவுண்டு வந்தது. ஷானவாஸ் தோற்றுப்போய், கொட்டகைக்கு ஏற்றிப்போக வண்டிக்காரனுக்குப் போன் போட எழுந்தான்.

“போன வைங்க. இது இங்கனயே நிக்கட்டும்” என்றாள் பாஜிலா, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

எப்படி என்று கேட்டான்.

“வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்கு ஆம்பளைக எல்லாரும் பள்ளிவாசலுக்குப் போயிருவீக. ஷரீப் பாய் கடைச்சாவிய எங்க வீட்டுலதான குடுத்துட்டுப் போவாக.”

அந்த நாட்களில் தொழுகை முடிந்ததும் முதல் ஆளாக ஓடி வந்து, ஷரீப் பாய் பூட்டைத் திறந்த கையோடு அந்த மெஷினைத் தொடுவான் ஷானவாஸ். எல்லா வெள்ளிக்கிழமையும் அது சூடாகத்தான் இருக்கும். உத்தமபாளையத்து வெயில் அப்படி என்று இத்தனை வருடமும் நம்பியிருந்தான்.