பக்கத்து வீட்டுக்குப் பாய்ந்த ரத்தம்

ஒரு நிறைமாத எலியின் வயிற்றுக்குள் சினைப்பையும் கருப்பையும் அக்கா தங்கையாக ஒட்டிக் குடியிருந்தன. குட்டிகள் வளர வளர, ரத்தமெல்லாம் தங்கை வீட்டுக்கே பாய்ந்தது. அக்காவுக்கு வயிறெரிந்தது.

"முட்டை கொடுத்தது நான். விருந்து மட்டும் உனக்கா?" என்றது சினைப்பை.

"எனக்கு எதுக்குக்கா? எல்லாம் பிள்ளைங்களுக்குத்தானே போகுது. நான் ஒரு வாய் எடுத்து வெச்சுக்கிட்டேனா?"

"நல்லா நடிக்கிறடி! இத்தனை நாள் என் சுரப்பு வந்ததாலதான் நீ அதுங்களைச் சுமந்தே. இனி ஒரு சொட்டு கிடையாது. நீ எப்படித் தாங்குறேன்னு பாக்குறேன்."

சொன்னபடியே சினைப்பை சுரப்பை நிறுத்தியது. கருப்பை இறுகி வலித்தது. நாள் நிறைந்த குட்டிகள் ஒவ்வொன்றாக வெளியே விழுந்து, கீச்சிட்டுக்கொண்டு தாயின் பால்மடியைத் தேடிப் போயின. ரத்தமும் அவற்றின் பின்னாலேயே மடிப் பக்கம் திரும்பியது.

வெறுமையாகச் சுருங்கிக் கிடந்த தங்கையைப் பார்த்ததும் சினைப்பைக்கு மனசு குளிர்ந்தது. ஏதாவது குத்திச் சொல்லலாம் என்று வாயெடுத்தது. கருப்பை அதைக் கவனிக்கவே இல்லை. அதன் பார்வை மடி மேலேயே இருந்தது.

"பாத்தியாக்கா, அந்த மடிக்கு மட்டும் எவ்வளவு போகுது!"

சினைப்பை ஆசையாக நகர்ந்து இடம் விட்டது.

"இப்படி வாடி. இங்கேயிருந்து இன்னும் நல்லாத் தெரியும்."