யார் பெற்ற குஞ்சுகள்?

மீன் தொட்டியில் கடுகு கடுகாக ஏதோ ஓடி, பாசிக்குள் ஒளிந்தது. மாமியார் கண்ணை இடுக்கிப் பார்த்தார்.

“குஞ்சுங்க! டெட்ரா மீன் போட்டதா?”

“டெட்ரா முட்டைதான் போடும் அத்தை. இதுங்க பொறந்ததுமே நீந்துது. கப்பி மீன் போட்டதுதான்.”

“கதை விடாதே. ஆண் கப்பிதான் போன மாசமே செத்து மிதந்துச்சே?”

“ஆண் செத்தாலும் அதோட வித்து பெண் வயித்துல தங்குமாம். அப்புறமும் குட்டி போடுமாம். கடைக்காரர் சொன்னார்.”

“பாவம், அப்பன் முகம் பார்க்காத குஞ்சுங்க” என்றவரின் குரல் உடைந்தது. மகன் விபத்தில் போய் இன்னும் ஒரு மாதம்கூட ஆகவில்லை.

மருமகள் அவர் கையை எடுத்துத் தன் வயிற்றில் வைத்தாள்.

“எனக்கும் நாள் தள்ளிப்போயிருக்கு அத்தை. பாட்டி முகத்தையாவது பார்க்கட்டும்.”