முகமூடி வீரனுக்குக் காதல் எதற்கு?

"காதல் காட்சி ஒண்ணுகூட இருக்கக் கூடாது. எல்லாத்தையும் வெட்டு" என்றார் தயாரிப்பாளர்.

எடிட்டர் மென்று விழுங்கினார். "சார், அதுல ஒரு சிக்கல்..."

"என்னய்யா சிக்கல்? ஊரே தீப்பிடிச்சு எரியுது. முகமூடி வீரன் மொட்டை மாடியில உக்காந்து ஹீரோயின் தலைமுடியைக் கோதிக்கிட்டிருக்கான். அவன் பறக்கணும், அடிக்கணும். அவ்வளவுதான்."

"இல்ல சார், அந்தக் காட்சியிலதான்..."

"வெட்டுன்னா வெட்டு."

சம்பளம் கொடுப்பவர் சொன்ன பிறகு மறுபேச்சு ஏது? இருபத்தெட்டு நிமிடக் காதலை எடிட்டர் ஈவு இரக்கமில்லாமல் வெட்டித் தள்ளினார். படம் அம்பாகப் பாய்ந்தது.

குடும்பத்தோடு போட்டுப் பார்த்த தயாரிப்பாளருக்கு வாயெல்லாம் பல். "பார்த்தியா? இந்த மாதிரிப் படத்துக்குக் காதல்தான் பிடிச்ச சனி."

அவர் மனைவிக்கு மட்டும் முகம் சுருங்கியிருந்தது. "நம்ம பையனை ஹீரோவா போட்டுத்தானே எடுத்தீங்க? அவன் மூஞ்சி ஒரு இடத்துலகூட வரலையே."

"முகமூடி போட்டிருந்தா என்ன? பறக்கிறது அவன்தானே?" என்று தயாரிப்பாளர் எடிட்டரைத் திரும்பிப் பார்த்தார்.

எடிட்டர் தலையைச் சொறிந்தார்.

"அது டூப்பு சார். தம்பிக்கு உயரம்னா தலை சுத்தும். அவர் நடிச்சது காதல் காட்சியில மட்டும்தான்."