பின்வீட்டுக்காரரின் மூன்று நிமிடம்

"ஆரம்பிச்சிட்டாரு கஞ்சன்," என்று லவோனின் காதருகே முணுமுணுத்தான் இரும்புக்கடை மெர்ல்.

நகரசபைக் கூடத்தில் மைக் முன்னால் போய் நின்றவர் வெண்டல் ப்ரோக்மன், லவோனின் பின்வீட்டுக்காரர். அவர் வீட்டுக்கும் இவள் சமையலறைக்கும் நடுவே ஒரு தாழ்ந்த மரவேலிதான். ஏரியில் படகு, கொட்டகையில் இரண்டு வண்டி என்று வசதியான மனிதர். ஆனாலும் மூன்று வருஷமாகப் பட்ஜெட் கூட்டம் வந்தால் சொத்து வரியை எதிர்த்து முதல் ஆளாக எழுந்துவிடுவார்.

இந்த வருஷம் வரி நன்றாகவே ஏறப்போகிறது. ஊரின் தீயணைப்பு வண்டி ஆயுசு முடிந்து நடுரோட்டில் நிற்கிறது, புதுசு வாங்கியாக வேண்டும். நியாயமான செலவுதான், யாரும் குறை சொல்ல முடியாது.

லவோனும் பேசத்தான் வந்திருந்தாள். மூன்று வருஷத்துக்கு முன் கணவன் கென்னுக்குப் பக்கவாதம் வந்து பராமரிப்பு இல்லத்தில் சேர்த்ததிலிருந்து அவள் சம்பளத்தில் முக்கால்வாசி அங்கேயே போகிறது. இந்த வரியும் ஏறினால் வீட்டை விற்க வேண்டியதுதான். ஆனால் பேசுகிறவர்கள் முதலில் பெயரையும் விலாசத்தையும் சொல்ல வேண்டும் என்பது சபையின் விதி. உள்ளூர் டிவியில் ஊரே பார்க்கும். அந்த ஊர்க்காரர்கள் மூல நோயைப் பற்றிக்கூடப் பொதுவில் பேசுவார்கள், கையில் காசில்லை என்று மட்டும் செத்தாலும் சொல்ல மாட்டார்கள். லவோன் எழுந்து மைக்குக்குப் போகாமல் உட்கார்ந்த இடத்திலேயே இருந்துவிட்டாள்.

"மூணு நிமிஷம்தான் வெண்டல்," என்றார் மேயர் ட்ரூடி.

"தெரியும்மா, வருஷா வருஷம் சொல்றதுதானே. வண்டி வேணாம்னு நான் சொல்லல. ஒரே வருஷத்துல எல்லாத்தையும் தலையில கட்டாதீங்கன்னுதான் சொல்றேன். கடனுக்கு எடுத்து, வரியை மூணு வருஷத்துக்குப் பிரிச்சுப் போடுங்க. வீட்டைக் காப்பாத்தத்தான் தீயணைப்பு வண்டி. அதை வாங்கறதுக்கு வீட்டையே விக்கணும்னா எப்படி?"

"நீங்க எதுக்கு வீட்டை விக்கணும்? படகை வித்தாலே போதுமே," என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே குரல் கொடுத்தான் மெர்ல். கூடத்தில் சிரிப்பு.

வெண்டல் அசரவில்லை. "ஹீட்டருக்குச் செலவு பண்ண முடியாம மாடியைப் பூட்டிட்டு, ராத்திரி சமையலறையில கட்டில் போட்டுப் படுக்கிறவங்களும் இந்த ஊர்ல இருக்காங்க."

"நம்ம ஊர்லயா? யாரு அது?" என்றார் மேயர், நிஜமாகவே பதறிப்போய்.

வெண்டல் ஒரு கணம் தயங்கினார்.

"நான்தான்," என்றார்.

கூடம் வெடித்துச் சிரித்தது.

"ஜனவரிக் குளிர்ல வெறும் பனியனோட உங்க மாடி ஜன்னல்ல நின்னீங்களே, அது யாரு, உங்க தம்பியா?" என்றான் மெர்ல்.

லவோனுக்குச் சுருக்கென்றது. கிறிஸ்துமஸிலிருந்து சமையலறையில் படுப்பவள் அவள்தான். வயிறு முட்டச் சாப்பிட்ட மனிதன் பசியைப் பற்றிப் பேசினால் எப்படி இருக்கும்? அப்படி எரிந்தது அவளுக்கு. எரிச்சலோடு பயமும் சேர்ந்துகொண்டது. சிரிக்காமல் இருந்தால் யாராவது தன் முகத்தைப் பார்த்துவிடுவார்களோ என்று எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தாள்.

மணி அடித்தது. வெண்டல் யாரையும் பார்க்காமல் போய் உட்கார்ந்தார்.

பிறகு சபை உறுப்பினர்கள் ஆளுக்கு ஆள் வாதாடினார்கள். ஆளைப் பிடிக்காவிட்டாலும் அவர் சொன்ன யோசனை பிடித்துப்போனது சிலருக்கு. கடைசியில் ஒரே ஒரு ஓட்டு வித்தியாசத்தில் வரியை மூன்று வருஷத்துக்குப் பிரித்துப் போடுவது என்று முடிவானது. லவோன் மனதுக்குள் கூட்டிக் கழித்துப் பார்த்தாள். இழுத்துப் பிடித்தால் சமாளித்துவிடலாம், வீடு தப்பியது.

கூட்டம் முடிந்து காபியும் கேக்கும் வைத்திருந்த மேஜையைச் சுற்றி எல்லோரும் நின்றார்கள். வெண்டலிடம் ஒருத்தரும் பேசவில்லை. அவர் தொப்பியை எடுத்துக்கொண்டு பனியில் இறங்கிப் போனார்.

"சாதிச்சிட்டாரு பாரு. சமையலறையில படுக்கறாராமே," என்றான் மெர்ல்.

"சில பேருக்கு எவ்வளவு இருந்தாலும் பத்தாது," என்று லவோனும் ஒத்து ஊதினாள்.

கேக் வெட்டிக்கொண்டிருந்த ஆர்லிஸ் நிமிர்ந்து பார்த்தாள். நகரசபை அலுவலகத்தில் வரி விவகாரம் எல்லாம் அவள் கையில்தான்.

"யாரைச் சொல்றீங்க, வெண்டலையா? அவர் வீட்டுக்குத்தான் வரியே கிடையாதே."

"என்னடி சொல்ற?" என்றாள் லவோன்.

"போர்ல அடிபட்டு வந்தவர்னு சர்க்கார் எப்பவோ தள்ளுபடி பண்ணிடுச்சு. வரி ஏறினாலும் இறங்கினாலும் அவருக்கு ஒரு சென்ட்கூட வித்தியாசம் கிடையாது."

மெர்ல் வாயிலிருந்த கேக்கை அவசரமாக விழுங்கினான். "அப்ப எந்த வீட்டுக்காக அந்த மனுஷன் அங்க நின்னு அத்தனை பேர்கிட்டயும் பேச்சு வாங்கினாரு?"

லவோன் காபிக் கோப்பையைக் கீழே வைத்தாள்.

"என் வீட்டுக்காக," என்றாள், கூடத்தில் எல்லோருக்கும் கேட்கும்படி.